எப்காட்டின் புதிய லோகோவும் பழைய ரசிகர்களும்

2019 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில், டிஸ்னி தன் ரசிகர்களுக்காக நடத்தும் டி23 கண்காட்சியில் ஒரு லோகோ வெளியானது. ஃபுளோரிடாவில் இருக்கும் எப்காட் தீம் பார்க்கின் புதிய லோகோ. அதைப் 'புதிய' லோகோ என்று சொல்வதே கொஞ்சம் வேடிக்கைதான். 1982-ல் பார்க் திறந்தபோது இருந்த அந்த வளைந்த, விண்வெளிக் கப்பல் பலகை மாதிரியான எழுத்துகளை நினைவுபடுத்தும் எழுத்துகள். அதுவரை முதல் எழுத்து மட்டும் பெரிதாக, மற்றவை சின்ன எழுத்தாக எழுதிவந்த பெயர், மறுபடியும் 5 ஆங்கிலப் பெரிய எழுத்துகளாக வந்து நின்றது. ரசிகர்களில் பெரும்பகுதிக்கு ஒரே குஷி. டி-ஷர்ட், கோப்பை, தொப்பி என்று அந்த எழுத்து போட்ட எல்லாம் விற்றது.

ஒரு நிறுவனம் தானே 25 வருஷம் முன்னால் தூக்கிப்போட்ட எழுத்துருவைத் திரும்ப எடுத்து வைத்ததற்கு வளர்ந்த மனுஷங்க ஏன் இவ்வளவு சந்தோஷப்படணும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில வாரங்கள் பழைய வரைபடங்கள், ரசிகர்கள் யூடியூபில் ஏற்றி வைத்திருக்கும் 80-களின் வீடியோக்கள் எல்லாம் பார்த்தேன். அதிலிருந்து எனக்குத் தோன்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லோகோ நல்ல லோகோ. ஆனால் அது சொல்லும் விஷயத்தை பார்க் சொல்லவில்லை. ரசிகர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அவர்களுடைய நினைவில் ஓட்டையும் இருக்கிறது.

பெயருக்குள் இருக்கும் வாக்குறுதி

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். எப்காட் என்பது ஒரு சுருக்கப் பெயர். விரித்தால் 'நாளைய சமூகத்துக்கான ஒரு சோதனை முன்மாதிரி' என்று அர்த்தம் வரும். வால்ட் டிஸ்னி 1966-ல் இதை விளக்கி ஒரு படமே எடுத்தார். அவர் மனதில் இருந்தது தீம் பார்க்கே கிடையாது. 20,000 பேர் நிஜமாகவே வசிக்கும் ஒரு நகரம். மோனோரயில், நடுவில் கூரை போட்ட கடைத்தெரு, கார்களும் லாரிகளும் தரைக்கு அடியில். அதே வருஷம் டிசம்பர் 15 அன்று அவர் இறந்துபோனார். நகரத் திட்டமும் அதோடு போனது.

நிறுவனம் அந்தப் பெயரை மட்டும் எடுத்து 1982 அக்டோபர் 1 அன்று எப்காட் சென்டர் என்று ஒரு பார்க்கைத் திறந்தது. அதாவது பெயர் ஒன்று, பொருள் இன்னொன்று என்ற கதை 2019-ல் ஆரம்பிக்கவில்லை, முதல் நாளிலேயே ஆரம்பித்துவிட்டது. இதைப் பழைய ரசிகர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

ஆனாலும் 1982-ல் கட்டியது லேசுப்பட்ட விஷயம் இல்லை. பார்க் இரண்டு பாதி. முன்பாதி ஃபியூச்சர் வேர்ல்ட்: எரிசக்தி, போக்குவரத்து, நிலம், கற்பனை, தகவல் தொடர்பு என்று தலைப்புக்கு ஒரு பெவிலியன். பின்பாதி வேர்ல்ட் ஷோகேஸ்: ஒரு ஏரியைச் சுற்றி நாடுகள். வாசலில் 180 அடி உயர வெள்ளி உருண்டை, ஸ்பேஸ்ஷிப் எர்த். உள்ளே குகை ஓவியத்திலிருந்து கம்ப்யூட்டர் வரை மனுஷன் எப்படிச் செய்தி சொன்னான் என்ற கதை. அதன் ஆரம்பக் கதையமைப்பில் எழுத்தாளர் ரே பிராட்பரிக்கும் பங்கு உண்டு.

முக்கியமான ஒன்று: திறந்தபோது மிக்கி மவுஸ் உள்ளிட்ட டிஸ்னி பாத்திரங்களை வேண்டுமென்றே இந்தப் பார்க்குக்குள் விடவில்லை. டிஸ்னி கட்டிய பார்க்கில் மிக்கி கிடையாது! அதுவே ஓர் அடையாள அறிவிப்பு.

இந்த இடத்துக்குப் போட்ட லோகோவில் 5 வளையங்கள் ஒன்றோடொன்று கோத்து ஒரு பூ மாதிரி இருக்கும், நடுவில் பூமி. அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பெவிலியனுக்கும் வட்டத்துக்குள் அடங்கும் தனிச் சின்னம் இருந்தது. நார்ம் இனோயே என்ற டிஸ்னி வடிவமைப்பாளர் வரைந்தவை. எழுத்தே இல்லாமல் சின்னத்தைப் பார்த்தே எங்கே போகிறோம் என்று புரிந்துகொள்ளலாம். ஒரு விமான நிலையத்துக்கோ மெட்ரோ ரயிலுக்கோ செய்கிற மாதிரியான வேலை இது. பார்க்கின் லோகோ, பெவிலியன் சின்னம், வழிகாட்டிப் பலகை எல்லாம் ஒரே மொழியில் பேசின. அந்த மொழி சொன்ன செய்தி: இது விளையாட்டுத் திடல் மட்டும் இல்லை, ஒரு பொது நிறுவனம்.

என் தொழில் சார்ந்த ஆர்வத்தில் ஒன்று சொல்கிறேன். கம்யூனிகோர் என்று நடுவில் இரண்டு வளைந்த கட்டடங்கள் இருந்தன. அங்கே பார்க்கை இயக்கும் கம்ப்யூட்டர்களையே கண்ணாடி வழியாக ஜனங்களுக்குக் காட்டினார்கள். வேர்ல்ட்கீ என்று தொடுதிரைத் தகவல் மையங்கள் இருந்தன. திரையைத் தொட்டு பார்க்கைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம், தேவைப்பட்டால் திரையிலேயே ஒரு ஊழியரோடு முகம் பார்த்துப் பேசி சாப்பாட்டு மேஜை பதிவு செய்யலாம். வருஷம் 1982. வீட்டில் கம்ப்யூட்டரே இல்லாத குடும்பங்கள் அங்கே வந்து திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயின. 'எதிர்காலம்' என்ற சொல்லுக்கு அங்கே கையில் தொட்டுப் பார்க்கும்படி ஒரு அர்த்தம் இருந்தது.

லோகோ மாறிய வரிசை

1994-ல் 'சென்டர்' போனது. பெயர் எப்காட் '94 ஆனது. அடுத்த வருஷம் எப்காட் '95. மென்பொருளுக்கு வெர்ஷன் நம்பர் போடுகிற மாதிரி! வருஷா வருஷம் பலகை மாற்றுவது கட்டுப்படியாகாது என்று யாருக்கோ உறைத்திருக்க வேண்டும். 1996-லிருந்து வெறும் எப்காட், அதுவும் சின்ன எழுத்தில். சுருக்கப் பெயராக இருந்தது ஒரு சாதாரணச் சொல்லாகிவிட்டது. விரித்துச் சொல்ல அதில் எதுவும் இல்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்ட மாதிரி. வளையச் சின்னமும் பெவிலியன் சின்னங்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயின.

1999-ல் ஆயிரமாண்டுக் கொண்டாட்டம் என்று அந்த வெள்ளி உருண்டைக்குப் பக்கத்தில் மிக்கியின் கை ஒன்றை நட்டு, அதில் மந்திரக்கோலையும் கொடுத்து, மேலே '2000' என்று எழுதினார்கள். கொண்டாட்டம் முடிந்த பிறகும் கை போகவில்லை. எண்ணை மட்டும் கழற்றிவிட்டு 'எப்காட்' என்று மாட்டினார்கள். கட்டடமே லோகோவாக இருக்கும் இடத்தில் அதன் தலைக்கு மேலே பெயர்ப்பலகை எதற்கு? 2007 வரை அது அங்கேயே நின்றது. அதை இறக்கியபோது பழைய ரசிகர்கள் அடைந்த நிம்மதியை அந்தக் காலத்து ரசிகர் பதிவுகளைப் படித்தால் தெரிந்துகொள்ளலாம். மிக்கியே கிடையாது என்று ஆரம்பித்த பார்க்கின் தலைமேல் மிக்கியின் கை. இதைவிட வெளிப்படையாக ஓர் அடையாள மாற்றத்தை யாரும் வரைந்து காட்ட முடியாது.

ஆனால் லோகோவைவிட அந்த வருஷம் நடந்த வேறு இரண்டு விஷயங்கள்தான் பெரிது.

முதலாவது, 1999 ஜனவரி 9 அன்று ஹொரைசன்ஸ் மூடப்பட்டது. 1983-ல் திறந்த ரைடு. பாலைவனத்தில் விவசாயம், கடலுக்கடியில் ஊர், விண்வெளியில் குடும்பம் என்று எதிர்கால வாழ்க்கையைக் காட்டும். ஆரஞ்சுத் தோட்டக் காட்சியில் நிஜமாகவே ஆரஞ்சு வாசனை வரும். கடைசியில் எந்த வழியாக வீடு திரும்புவது என்று பயணிகளே பட்டனைத் தட்டித் தேர்ந்தெடுக்கலாம். இடித்துவிட்டு அங்கே மிஷன் ஸ்பேஸ் கட்டினார்கள், 2003-ல் திறந்தது. அதன் வரிசையில் சுழலும் ஒரு பெரிய சக்கரத்தின் மையத்தில் ஹொரைசன்ஸின் பழைய சின்னத்தைப் பதித்து வைத்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். தெரியாதவர்களுக்கு அது ஒரு அலங்காரம். லோகோ நடுகல்லாக மாறுவது இப்படித்தான்.

இரண்டாவது, ஃபிக்மென்ட். கற்பனை பெவிலியனின் குட்டி ஊதா டிராகன். எப்காட்டுக்கென்றே உருவான பாத்திரம், எந்தப் படத்திலிருந்தும் வரவில்லை. 1999 அக்டோபரில் ரைடைப் புதுப்பித்துத் திறந்தபோது அவனை ஏறக்குறைய முழுசாகவே எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு பலமாக வந்தது. 2001-ல் அதை மூடி, 2002-ல் ஃபிக்மென்ட் பெயரையே தலைப்பில் சேர்த்துத் திறந்தார்கள். ரசிகர்கள் சத்தம் போட்டால் பலன் உண்டு என்பதற்கு இது சாட்சி. ஆனால் திரும்பி வந்தது டிராகன் மட்டும்தான், பழைய ரைடு வரவில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 2019-ல் அதேதான் பெரிய அளவில் நடந்தது.

வந்ததும் போனதும்

2019-ல் லோகோவோடு சேர்த்து அறிவித்தது ஒரு முழு மறுசீரமைப்பு. பார்க்கை 4 பகுதிகளாகப் பிரிப்பது: வேர்ல்ட் செலிப்ரேஷன், வேர்ல்ட் நேச்சர், வேர்ல்ட் டிஸ்கவரி, பழைய வேர்ல்ட் ஷோகேஸ். முதல் மூன்றும் ஃபியூச்சர் வேர்ல்ட் இருந்த இடம். 2021 அக்டோபர் 1 முதல் 'ஃபியூச்சர் வேர்ல்ட்' என்ற பெயரே புழக்கத்தில் இல்லை.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. எதிர்காலம் பற்றிய பார்க்கின் எழுத்துருவைத் திரும்பக் கொண்டுவந்த அதே திட்டத்தில், எதிர்காலம் என்ற சொல்லை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

என்னென்ன வந்தன, என்னென்ன மாறின என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். வந்தவை: 1982 பாணி எழுத்து. பெவிலியன் சின்னங்களின் வட்ட வடிவ மொழி, புதிய ரைடுகளுக்கும் அதே பாணியில். 2020-ல் வாசல் நீரூற்றில் ஒளி ஊடுருவும் 3 தூண்கள், அவற்றில் பழைய 5 வளையச் சின்னம். இந்த நீரூற்றை யார் பார்த்தாலும் பிடிக்கும். அழகு விஷயத்தில் 90-களின் பிழைகளைப் பொறுப்பாகத் திருத்தியிருக்கிறார்கள்.

மாறியவை: நார்வே பெவிலியனின் படகுப் பயணம் மேல்ஸ்ட்ராம் 2014-ல் மூடி 2016-ல் ஃப்ரோசன் ஆனது. எரிசக்தி பெவிலியன் 2017-ல் மூடி, 2022-ல் கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி ரோலர் கோஸ்டர் ஆனது. 2021-ல் பிரான்ஸ் பகுதியில் ராட்டடூயி எலி. 2023-ல் மோவானா பெயரில் நீர்ப்பாதை. கடல் பெவிலியன் அதற்கு முன்னாலேயே நீமோவுக்குப் போய்விட்டது. பெவிலியன் என்பது ஒரு தலைப்பைப் பேசும் இடம் என்பது போய், ஒரு படத்தின் கிளை அலுவலகம் என்று ஆகிவிட்டது.

மென்பொருளில் வெளியே இருக்கும் இன்டர்ஃபேஸை மாற்றாமல் உள்ளே இருக்கும் கோடை மாற்றுவது நல்ல பழக்கம். பயன்படுத்துபவருக்கு எதிர்பார்த்த விடை வந்தால் போதும். எப்காட்டில் நடந்தது இது இல்லை. ஃபங்ஷன் பெயர் பழையபடி இருக்கு, ஆனால் திருப்பிக் கொடுக்கும் விடை வேறு. பெயரை நம்பிக் கூப்பிட்டவனுக்குத்தான் சிக்கல்.

கம்யூனிகோர் கதை இன்னும் தெளிவு. அந்தப் பெயர் 1994-லேயே போய்விட்டது. 2024 ஜூனில் கம்யூனிகோர் ஹால் என்று திரும்பி வந்தது, திருவிழா நாட்களுக்கான அரங்கமாக. சாப்பிடலாம், குடிக்கலாம், பாத்திரங்களைச் சந்திக்கலாம். நல்ல இடம்தான். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் கம்ப்யூட்டர் இல்லை. 2025-ல் அந்த வெள்ளி உருண்டைக்குப் பின்னால், ஸ்பான்சர் நிறுவன விருந்தினர்களுக்காக இருந்த அறையில், ஜியோ-82 என்ற மது அரங்கம் திறந்தது. 82 என்பது எந்த வருஷம் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வருஷத்தையும் கோப்பையில் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ரசிகர்கள் பக்கமும் கொஞ்சம்

ரசிகர்களை ஒரே கூட்டமாகப் பார்க்க முடியாது. நான் படித்தவரை மூன்று வகை. எழுத்து திரும்பியதே போதும் என்று மகிழ்ந்தவர்கள் ஒரு வகை. எழுத்தைக் காட்டி ஏமாற்றுகிறார்கள் என்று கோபப்பட்டவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது வகை, என்னப்பா ஒரு பார்க்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம், குழந்தைகளுக்குப் பிடித்தால் சரி என்பவர்கள். இந்த மூன்றாவது வகையை மற்ற இரண்டு பேரும் ரசிகர்களாகவே ஏற்பதில்லை. அது சரியில்லை. 10 வயதுப் பையனுக்கு ஹொரைசன்ஸ் பற்றி எந்தக் கடமையும் கிடையாது. கார்டியன்ஸ் ரைடில் அவன் பின்பக்கமாகப் பாய்ந்து கிளம்பும்போது அடையும் சந்தோஷம் அசல் சந்தோஷம்தான்.

இரண்டாவது வகையிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நீங்கள் ஏங்கும் அந்த 1982 எதிர்காலத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்? எரிசக்தி பெவிலியனுக்கு எக்ஸான். போக்குவரத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ். நிலத்துக்கு கிராஃப்ட். கற்பனைக்கு கோடக். ஹொரைசன்ஸுக்கு ஜெனரல் எலெக்ட்ரிக். எண்ணெய்க் கம்பெனி சொல்லிக்கொடுக்கும் எரிசக்திப் பாடம் எந்தப் பக்கம் சாயும் என்று யோசிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். கார் கம்பெனியின் போக்குவரத்து வரலாறு எங்கே போய் முடியும்? கார் ஷோரூமில்தான், நிஜமாகவே. அந்த நம்பிக்கை வாடகைக்கு எடுத்த நம்பிக்கை. ஒப்பந்தம் முடிந்து ஸ்பான்சர் விலகியபோது பல பெவிலியன்கள் பராமரிக்க ஆளில்லாமல் மங்கின. ஹொரைசன்ஸைக் கொன்றதில் ஜெனரல் எலெக்ட்ரிக் விலகியதற்கும் பங்கு உண்டு. ஆக, 'சுத்தமான பழைய எப்காட்', 'வணிகமயமான புதிய எப்காட்' என்ற பிரிவினை நிற்காது. பழையதில் நிறுவனங்கள் பாடம் எடுத்தன, புதியதில் படங்கள் விற்கின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகும் பழையவர்கள் பக்கம் ஒரு பலமான வாதம் மிச்சம் இருக்கிறது. எக்ஸான் பெவிலியனின் கூரையில் 80,000 சூரிய மின்கலங்கள் இருந்தன. கீழே ஓடும் வண்டிகளுக்கு அது கொஞ்சம் மின்சாரம் கொடுத்தது. யார் காசாக இருந்தாலும், பார்க்க வந்த குழந்தை கூரையைக் காட்டி 'அது என்ன?' என்று கேட்க முடிந்தது. அந்தக் கேள்விக்கு ஸ்பான்சர் எழுதிக்கொடுக்காத பதில்களும் உண்டு. விளம்பரம் என்றாலும் அது உலகத்தைப் பற்றிய விளம்பரம். ஃப்ரோசன் ரைடு முடிந்து வெளியே வரும் குழந்தை கேட்கக்கூடிய கேள்வி ஃப்ரோசனைப் பற்றியது. அதற்குப் பதில் கடையில் இருக்கும்.

இதுதான் இந்தச் சண்டையில் உண்மையிலேயே பணயத்தில் இருப்பது என்று நினைக்கிறேன். குடும்பத்தோடு பொழுதுபோக்கப் போன இடத்தில், கேட்காமலேயே நிலத்தையும் எரிசக்தியையும் பற்றி ஒரு மணி நேரம் யோசிக்க வைத்த இடங்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு. பள்ளிக்கூடம் செய்யாததை அது செய்தது. அதை இழந்தவர்கள் அந்த இழப்பைச் சொல்ல மொழி தெரியாமல் எழுத்துருவைப் பிடித்துக்கொள்கிறார்கள். லோகோ மேல் வரும் அதீதப் பாசத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். துணிக்கடை பிராண்டான கேப் 2010-ல் லோகோவை மாற்றி, எதிர்ப்பு வந்ததும் ஒரு வாரத்திலேயே பழையதற்குத் திரும்பியது. அங்கே விஷயம் முடிந்தது, ஏனென்றால் சட்டை அதே சட்டை. எப்காட்டில் பழைய லோகோ வந்த பிறகும் விஷயம் முடியவில்லை.

நிறுவனமும் இந்தப் பாசத்தை நன்றாகவே படித்து வைத்திருக்கிறது. 2022 ஜனவரியில் ஃபிக்மென்ட் வடிவத்தில் ஒரு பாப்கார்ன் டப்பா விற்றார்கள். அதை வாங்க ஜனங்கள் பல மணி நேரம் வரிசையில் நின்ற படங்கள் செய்தியாயின. அதே ஃபிக்மென்டின் ரைடு 2002-ல் வைத்த நிலையிலேயே கிடந்தது. டப்பாவுக்கு இருந்த வரிசை ரைடுக்கு இல்லை. நினைவைத் தனியாகப் பிரித்து விற்க முடியும் என்று தெரிந்துவிட்டால், நினைவுக்குக் காரணமானதைப் பழுதுபார்க்க யார் மெனக்கெடுவார்கள்?

என் தீர்ப்பு

வடிவமாகப் பார்த்தால் 2019 லோகோவுக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். 1996-லிருந்து இருந்ததைவிட எல்லா வகையிலும் மேல். ஆனால் லோகோ ஒரு சாட்சிக் கையெழுத்து மாதிரி. பத்திரத்தில் என்ன எழுதியிருக்கு என்று பார்க்காமல் கையெழுத்தின் அழகை மட்டும் பாராட்ட முடியாது.

படங்களின் பாத்திரங்களை விரட்டிவிட்டு ஸ்பான்சர்களைக் கூப்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் சேர முடியும் என்பதற்கு எப்காட்டிலேயே உதாரணம் இருக்கிறது. மோவானா நீர்ப்பாதை நீர்ச் சுழற்சியைப் பற்றித்தான் பேசுகிறது. குழந்தை கையை நீட்டினால் தண்ணீர் பதில் சொல்கிறது. படம் வாசலில் நிற்கிறது, உள்ளே தலைப்பு இருக்கிறது. 2025 ஜூலையில் புதுப்பித்துத் திறந்த டெஸ்ட் டிராக், அதே இடத்தில் 1996 வரை ஓடிய வேர்ல்ட் ஆஃப் மோஷனிலிருந்து உத்வேகம் எடுத்தது என்று சொல்லியே திறந்தார்கள். எந்தப் படமும் இல்லாத ரைடு. ரசிகர்கள் இத்தனை வருஷம் கத்தியது முழுக்க வீண் போகவில்லை.

மீதி இருக்கும் பெரிய பரீட்சை அந்த வெள்ளி உருண்டைதான். அதைப் புதுப்பிப்பதாக 2019-ல் அறிவித்தார்கள், 2020-ல் பெருந்தொற்று வந்ததும் தள்ளிவைத்தார்கள். உள்ளே 2008-ல் ஜூடி டென்ச் குரலோடு வந்த வடிவம்தான் ஓடுகிறது. மனித வரலாறு முழுவதையும் ஏறிப் பார்த்துவிட்டு, இருட்டில் பின்னோக்கி இறங்கும்போது, முன்னால் இருக்கும் சின்னத் திரையில் உங்கள் முகத்தை ஒரு கார்ட்டூனில் ஒட்டி, இதுதான் உங்கள் எதிர்காலம் என்கிறார்கள். 180 அடி உருண்டைக்குள் எதிர்காலத்துக்குக் கொடுத்திருக்கும் இடம் அவ்வளவுதான். அடுத்த தடவை அந்த இறக்கத்தில் என்ன காட்டுகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு, லோகோவில் இருக்கும் அந்த 5 பெரிய எழுத்துகளுக்கு விரிவு உண்டா என்று முடிவு செய்யலாம். டி-ஷர்ட் வாங்குவதை அதுவரை தள்ளிப்போடலாம்.